ஏ.சி. போட்ட கிளாஸ்

ஏங்க, அந்தக் கதவைச் சித்தச் சாத்திருங்க. ரோட்டுத் தூசி அத்தனையும் உள்ள வருது. குழந்தைங்க டாக்டர்னு வாசல்ல போர்டு மட்டும் பெருசா வெச்சிருக்காங்க. ஆங், அவ்வளவுதான். இப்பக் குளுகுளுன்னு இருக்குதல்லோ.

பாப்பாவுக்கு என்னங்க, தடுப்பூசியா? குடுத்து வெச்சவங்க நீங்க. இவன் என் பையன், சர்வேஷ். ரெண்டாவது படிக்கறான். இருமல்தான், வேறென்ன. எங்க ஊர் டாக்டருங்களைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போயித்தான் ஈரோட்டுக்கே வந்தது. இவரு கைராசிக்காரருன்னு சொன்னாங்க. அங்க கண்ணாடிக்கு வெளிய, கார்கிட்ட நிக்கறாரு பாருங்க, நீலச் சட்டை. அவருதான் எங்க ஊட்டுக்காரரு, ஜெகதீசன். லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு. உள்ள வர மாட்டாராம். என்கூடப் பேசியே ஒரு வாரமாச்சு. கார்ல வர்றப்பக்கூட, "தண்ணி பாட்டில் எடுத்தாச்சான்னு உங்கம்மாகிட்டக் கேளு"ன்னு பையன்கிட்டச் சொல்றாரு. நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறேன்.

என்ன சண்டைன்னுதான கேக்கறீங்க. சொல்றேன், நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. நம்ம டோக்கன் வர்றதுக்கு இன்னும் நேரங்கெடக்குது.

இவன் படிக்கற ஸ்கூல் பேரு வேண்டாம். நல்ல ஸ்கூல்தான். கரஸ்பாண்டன்ட் முன்ன கோழிப்பண்ணை வெச்சிருந்தவரு. அதுல சம்பாரிச்சு ஸ்கூல் கட்டினாரு. போன ஜூன்லதான் ஏ செக்‌ஷனுக்கெல்லாம் ஏ.சி. போட்டாங்க. புதுக் கட்டடம், மேல் மாடி. எங்க ஊர்லயே முதல் ஏ.சி. கிளாஸ் அதுதான். பி செக்‌ஷன் கீழ, பழைய ஓட்டுக் கட்டடம். சுத்தியும் ஜன்னலு, ஒண்ணுல கதவு இருந்தா ஒண்ணுல இருக்காது. மேல ஒரு ஃபேனு கடகடன்னு ஓடிட்டிருக்கும். அங்க யாரு புள்ளைங்களைப் போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கறிக்கடைக்காரர் பையன், கண்டக்டர் பொண்ணு, அந்த மாதிரி. நான் யாரையும் தாழ்த்திச் சொல்றதில்லீங்க. இருக்கறதைச் சொல்றேன்.

ஏ செக்‌ஷனை நீங்க வந்து பாக்கோணும். தரை பூராப் பச்சை விரிப்பு, புல்லு மாதிரி. சுவத்துல யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைஞ்சிருக்காங்க. கண்ணாடி ஜன்னல், அதுக்கு மேல கறுப்புத் தாள் ஒட்டி, வெயிலு, சத்தம் எதுவும் அண்டாது. ஆயா காலைல வந்ததும் எலுமிச்சம்பழ வாசத்துல ஒரு ஸ்ப்ரே அடிச்சு உட்ரும். கதவைத் தொறந்ததுமே துணிக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். எல்லாரும் அங்கதான் போட்டாங்க, அதனால கொஞ்சம் நெருக்கம். பெஞ்சுல இடிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கும் குழந்தைங்க. ஏ.சி. ஓடறப்ப இடிச்சிட்டு உக்காந்தா என்னங்க, வேர்க்கவா போகுது?

ஏ.சி.க்கு ஏன் இத்தனை பேயாப் பறக்கறேன்னு எங்க ஊட்டுக்காரரு கேக்கறாரு. இவருக்கு என்ன தெரியும். எங்கம்மா தறி ஓட்டினவங்க. நான் தறி ஓடற சத்தத்துல தூங்கி எந்திரிச்சவ. சோத்துல பஞ்சு, தலைமுடியில பஞ்சு, புஸ்தகத்துல பஞ்சு. பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள என் தோள்ல இருந்த பஞ்சை எடுத்து ஊதி உட்டுச்சு, எல்லாருமாச் சிரிச்சாங்க. எங்கம்மா இருமி இருமியே போயிருச்சு. கடைசியில படுக்கக்கூட முடியாம சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டே தூங்கும். அப்ப முடிவு பண்ணினேன். எனக்குப் பொறக்கறது தூசிங்கறதையே பாக்கக் கூடாது. ஊட்டுக்கு நான் ஜன்னலே பெருசா வெக்க உடலை. கொத்தனார் கேட்டாரு, "ஏம்மா, இது என்ன குடோனா?"ன்னு. அவருக்கு என்ன தெரியும்.

ஜூலை வாக்குல இருமல் ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு குழந்தை, அப்பறம் பக்கத்துக் குழந்தை, அப்பறம் அந்த பெஞ்சு பூரா. எனக்கு எரிச்சலு அந்த அம்மாங்க மேலதான். மூக்கு ஒழுகுது, கண்ணு செவந்து கெடக்குது, அப்படியே கொண்டாந்து கிளாஸ்ல தள்ளிட்டுப் போயிடறது. வெக்கமே இல்லாம. படிச்ச பொம்பளைங்கதான் எல்லாம். சர்வேஷையும் காய்ச்சலோட ஒரு நாள் அனுப்பினேன்தான், இல்லேங்கலை. அன்னிக்கு அவனுக்கு டெஸ்ட் இருந்துச்சு. அது வேற.

அப்ப ஏ செக்‌ஷனுக்கு ஃபிலோமினா மிஸ்னு ஒருத்தங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, எப்பப் பாத்தாலும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது. ஒரு நாள் மதியம் இவன் சாப்பாட்டுப் பையை மறந்துட்டான்னு கொண்டு போறேன், என்ன பாக்கறேன்? ஏ.சி. நின்னு கெடக்குது. வராண்டாப் பக்கத்து ஜன்னல் எல்லாம் தொறந்து கெடக்குது. குழந்தைங்க வெளிய மைதானத்தை வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க.

"ஏன் மிஸ், கரண்டு இல்லீங்களா?"ன்னு கேட்டேன்.

"கரண்டு இருக்குதுங்க. காலைலருந்து ஒரே காத்தே உள்ள சுத்திட்டிருக்குது. ஒருத்தர் இருமினா அத்தனை பேரும் அதையேதான் இழுக்கறாங்க. எனக்கே தலை பாரமாயிடுது. சித்த நேரம் வெளிக்காத்து வரட்டும்னு தொறந்தேன்."

நான் சொன்னேன், "வெளிக்காத்துதான் வேணும்னா நாங்க எதுக்குங்க ஏ செக்‌ஷன்ல போடறோம்? பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டுப் போயிருப்பமே."

அதுக்கும் சிரிக்கறாங்க. "அந்தச் சுவத்தைப் பாருங்க"ன்னு காட்டறாங்க. ஏ.சி. தண்ணி சுவத்துல எறங்கிக் கறுப்பாப் பூத்திருக்குதாம். எனக்குத் தெரியலைங்க. அது ஒட்டகச்சிவிங்கி மேல இருந்துச்சு, அதுக்கே உடம்பு பூராப் புள்ளிதான, எது புள்ளி எது பூசணம்னு யாரு கண்டா. அவங்களுக்குக் குத்தம் கண்டுபிடிக்கோணும், அவ்வளவுதான்.

ஒண்ணு சொல்லோணும். ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மட்டும் அவங்களும் தொறக்க மாட்டாங்க. அதுக்கு நேர் கீழதான் ஜெனரேட்டர் வெச்சிருக்காங்க. கரண்டு போச்சுன்னா டீசல் புகை நேரா மேலதான் வரும். சாத்தியிருந்தாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதுக்குத்தான ஆயா ஸ்ப்ரே வெச்சிருக்குது.

நான் சும்மா உடலைங்க. அம்மாங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குது, அதுல ஜன்னல் தொறந்து கெடக்கற போட்டோவைப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். யாரும் வாயத் தொறக்கலை, நான்தான் எந்திரிச்சேன். "சார், குழந்தைங்க இருமறதுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு. ஏ.சி.யை நிறுத்தி நிறுத்திப் போடறாங்க. சூடு, குளுரு, சூடு, குளுருன்னு மாறினா ஒடம்பு தாங்குமா? அதோட கீழ இருக்கற கூட்டத்தோட கிருமியெல்லாம் ஜன்னல் வழியா மேல வருது"ன்னேன். எல்லா அம்மாங்களும் தலையை ஆட்டினாங்க. ஃபிலோமினா மிஸ் எந்திரிச்சு என்னமோ சொல்ல வந்தாங்க. கரஸ்பாண்டன்ட் கையைக் காட்டி உக்கார வெச்சுட்டாரு.

திங்கக்கிழமையே ஆளைக் கூட்டிட்டு வந்து ஜன்னலுக்கெல்லாம் ஸ்குரூ போட்டு இறுக்கியாச்சு. மிஸ்ஸைக் கீழ பி செக்‌ஷனுக்குத் தள்ளியாச்சு. காத்துதான வேணும், போயி வாங்கிக்கட்டும்னு நான்கூடச் சொன்னேன். குரூப்புல எல்லாரும் எனக்குக் கைத்தட்டு போட்டாங்க. ஏ செக்‌ஷனுக்குப் புது மிஸ் வந்துச்சு, சின்னப் பொண்ணு, சொன்னதைக் கேக்கும்.

அப்பறமும் இருமல் நிக்கலை. அது என்னமோ அந்த வருசத்துச் சீசன் அப்படி.

ஆயுத பூஜை சமயத்துலதான் சர்வேஷுக்கு முத்திப் போச்சு. கடையில பூஜை, ஊட்டுல நான் பொரிகடலை கலந்துட்டிருக்கறேன், இவன் சோஃபாவுல படுத்திருந்தான். வயித்துல கை வெச்சுப் பாக்கறேன், மூச்சு விடறப்ப வெலாவுக்குக் கீழ குழி விழுகுது. உங்களுக்கு அது தெரியுமோ என்னமோ, தெரியவே வேண்டாம் சாமி. உதடு ஒரு மாதிரி ஆயிருச்சு. "அம்மா, பேச முடியலை"ன்னு சைகை காட்டறான். அப்படியே தூக்கிட்டு ஓடினோம். நிமோனியாங்கறாங்க. ஆக்ஸிஜன் வெச்சாங்க. மூக்குல அந்தக் குழாயோட அவன் படுத்திருந்ததை நான் இன்னிக்கும் கண்ணை மூடினாப் பாக்கறேன். எங்கம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்ததும் அதும் ஒண்ணு மேல ஒண்ணா வருது. நான் கும்பிடாத சாமி இல்லை. இவரு பாவம், ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு உள்ள வந்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டாரு.

அங்க ஒரு டாக்டரு. வயசானவரு. தேறி ஊட்டுக்கு அனுப்பற அன்னிக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிக்கறாரு. ஊட்டுல யாராச்சும் பீடி சிகரெட் உண்டா, விறகடுப்பா, கொசுவத்தி வெப்பீங்களா, பக்கத்துல மில்லு உண்டா. ஏதோ நாங்க குடிசையில இருக்கற மாதிரி. நான் சொன்னேன், "சார், ஊட்டுலயும் ஏ.சி., கிளாஸ்லயும் ஏ.சி. என் பையன் மேல தூசியே படாது."

"கிளாஸ்ல எத்தனை குழந்தைங்க? ஜன்னல் தொறப்பாங்களா?"

"தொறக்கவே முடியாது சார். ஸ்குரூ போட்டாச்சு."

அவரு எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. "ஸ்குரூவைக் கழட்டச் சொல்லுங்கம்மா"ன்னாரு. "அத்தனை குழந்தைங்களை ஒரே அறையில அடைச்சுக் காத்தே மாறாம வெச்சீங்கன்னா, ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். காத்தோட்டமான கிளாஸ்ல உக்கார வையுங்க. ஊட்டுலயும் ஜன்னலைத் தொறங்க."

நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். அந்த ஆளு ரூம்ல ஏ.சி. கெடையாது, தெரியுமா? ஃபேனு. ஜன்னல் தொறந்து கெடக்குது, திரைச்சீலைகூட இல்லை. தனக்கு ஒரு ஏ.சி. வாங்கிப் போட வக்கில்லாதவரு எனக்கு ஏ.சி.யைப் பத்திப் பாடம் எடுக்கறாரு. வெளிய வந்து இவர்கிட்ட அப்படித்தான் சொன்னேன். இவரு ஒண்ணுமே பேசலை. வண்டியை எடுத்தாரு. பேசாம இருக்கறப்பவே நான் உசாராகியிருக்கோணும்.

அப்பறம் தீபாவளி முடிஞ்சு ஸ்கூல் போனான். நான் சும்மா இருப்பனா? ஆன்லைன்ல ஒரு பவுடர் வரவெச்சேன். மூலிகைப் பவுடர், எதிர்ப்புச் சக்திக்கு. காலைல பால்ல ஒரு ஸ்பூன். ஊட்டுலயும் நான் ஒரு குறை வெக்கலை. சாயங்காலமானா எல்லாத்தையும் அடைச்சுச் சாம்பிராணி போட்டுப் புகையை நல்லாத் தங்க உடுவேன், கிருமி சாகும். அப்பறம் கொசு மெஷினைப் போட்டு ஏ.சி.யைப் போட்டுட்டாப் பொழுது விடியற வரைக்கும் கதவைத் தொறக்கறதில்லை.

நம்ப மாட்டீங்க, பையன் அப்படியே மாறிட்டான். கார்த்திகை, மார்கழி, எல்லாப் புள்ளைங்களும் லொக்கு லொக்குன்னு கெடக்கற மாசம், இவனுக்குத் தும்மல்கூட இல்லை. நல்லாச் சாப்பிட்டான். கன்னம் வெச்சுது. மாடிப்படி ஓடி ஏறினான். நான் குரூப்புல அந்தப் பவுடர் டப்பாவைப் போட்டோ எடுத்துப் போட்டேன். ஏ செக்‌ஷன்ல பாதி அம்மாங்க வாங்கிட்டாங்க. அந்தக் குழந்தைங்களுக்கு மட்டும் கேக்கவே இல்லை, இருமிட்டே இருந்துச்சுங்க. எனக்குப் போன் போட்டுக் குறை சொல்றாங்க. "சரியாக் கலக்க மாட்டீங்க, வெதுவெதுன்னு இருக்கற பால்ல கலக்கோணும்"னு சொன்னேன். ஒரு பால் கலக்கத் தெரியலை, இதுங்கெல்லாம் புள்ளை வளக்குது.

இத்தனைக்கும் இவரு பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தாரு. நான் பவுடரைப் பத்திப் பேசறப்பெல்லாம் பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வெச்சுக்குவாரு.

பிப்ரவரியில இவனுக்குப் பொறந்த நாள். இவருதான் தினமும் பையனைக் கொண்டு போயி உடறது, கூட்டிட்டு வர்றது. அன்னிக்கு நான் சொல்லாம கொள்ளாமப் போலாம்னு, பேக்கரியில சின்னச் சின்னக் கேக்கா ஆர்டர் பண்ணி, டிரேயோட மேல் மாடிக்கு ஏறறேன். ஏ செக்‌ஷன் கதவைத் தொறக்கறேன். பாதி பெஞ்சு காலி. எல்லாருக்கும் காய்ச்சலாம். இருக்கறதுங்களும் ஸ்வெட்டரைப் போட்டுட்டு இருமிட்டு உக்காந்திருக்குதுங்க. சர்வேஷைக் காணோம்.

"சர்வேஷ் எங்க மிஸ், பாத்ரூம் போயிருக்கானா?"

அந்தச் சின்னப் பொண்ணு முழிக்குது. "மேடம், சர்வேஷ் இங்க இல்லீங்களே. தீபாவளி லீவு முடிஞ்சதுலருந்து கீழ பி செக்‌ஷன்லதான உக்கார்றான். அட்டெண்டன்ஸ் மட்டும் இங்க போடறோம். உங்க சார் வந்து பேசிட்டுப் போனாருங்களே. உங்களுக்குத் தெரியும்னு…"

கேக் டிரேயோட வாசல்ல நிக்கறேன். எல்லாக் குழந்தையும் என்னையே பாக்குது. எனக்கு அன்னிக்குப் பட்ட அசிங்கம் இருக்குதே, தோள்ல பஞ்சோட நின்னன்னிக்குக்கூடப் படலை.

கீழ எறங்கிப் போறேன். தூரத்துல வர்றப்பவே சத்தம், சந்தை மாதிரி. ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தேன். நெறஞ்சு உக்காந்திருக்குதுங்க. என் பையன் ஜன்னலோரத்துல. சட்டையில மேல் பட்டன் இல்லை. நெத்தியெல்லாம் வேர்வை, முடி ஒட்டிட்டுக் கெடக்குது. வெளியிலருந்து மண்ணுக் காத்து அடிக்குது. பக்கத்துல இருக்கற பையன் என்னமோ சொல்றான், இவன் வயித்தைப் புடிச்சுட்டு சிரிக்கறான். அப்படி ஒரு சிரிப்பு நான் ஊட்டுல பாத்ததில்லீங்க. அப்பத்தான் என்னைப் பாத்தான். சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. எந்திரிச்சு நேரா ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் புடிச்சுட்டு, மெதுவா, மத்தவங்களுக்குக் கேக்காம சொல்றான்:

"அம்மா, அப்பாவைத் திட்டாதம்மா. நான்தான் கேட்டேன்."

அவன் மூஞ்சியப் பாக்கோணுமே. பயந்து கெடக்குது. என்னைப் பாத்து எதுக்குங்க பயப்படோணும்? இவனுக்காக நான் எவ்வளவு பண்ணியிருக்கறேன்.

ஃபிலோமினா மிஸ் வாசலுக்கு வந்துட்டாங்க. "வாங்கம்மா, இன்னிக்குப் பொறந்த நாள்னு காலைலயே சொன்னான்"னு சொல்லி டிரேக்குக் கையை நீட்டறாங்க. நான் குடுக்கலை. பையன் கையைப் புடிச்சு இழுத்துட்டு நேரா ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டேன். கரஸ்பாண்டன்ட் என்ன சொல்றாரு தெரியுமா? "எதுக்கு மேடம் டென்ஷன் ஆகறீங்க? பேரு ஏ-லதான் இருக்குது. ரெக்கார்டுப்படி உங்க பையன் ஏ.சி. ஸ்டூடன்ட்தான்." மனுசன் பேசற பேச்சா இது.

அன்னிக்குச் சாயங்காலம் இவரைப் புடிச்சு உலுக்கிட்டேன். "பெத்தவகிட்டச் சொல்லாம என்ன வேலை பண்ணியிருக்கீங்க?"ன்னேன்.

"சொன்னா உட்டிருப்பியா?"

"என்ன ஆச்சுன்னு உங்களுக்கு இந்தப் புத்தி?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கு அவன் என்கிட்டச் சொன்னான். மேல கிளாஸ்ல உக்காந்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுப்பான்னான். டாக்டரும் அதையேதான் சொன்னாரு. நான் கேட்டேன், நீ கேக்கலை."

"கோழிப்பண்ணைக்காரரே ஏ.சி. போட்டிருக்காரு, அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"அந்த ஆளு கோழிக்கே நாலு பக்கமும் வலைதான் அடிச்சிருந்தாரு. அடைச்சு வெச்சா ஒண்ணு சீக்கு வந்து எல்லாம் செத்துப் போகும்னு அவருக்கு நல்லாத் தெரியும். நீ வளக்கறது புள்ளையா, காய்கறியா? ஃப்ரிட்ஜுல வெச்சாக் கெடாம இருக்கும்னு நினைச்சுட்டியா?"

பொண்டாட்டியைப் பாத்துக் கேக்கற கேள்வியாங்க இது? நான் மூணு வேளை சாப்பிடலை. என்னை அறுக்கறது பி செக்‌ஷன்கூட இல்லீங்க. நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்குதுன்னு என்கிட்டச் சொல்லலை பாருங்க, அதுதான். அப்பன்கிட்டச் சொல்லத் தெரியுது. ரெண்டு பேரும் சேந்து தினமும் காலைல டாட்டா காட்டிட்டுப் போயிருக்காங்க, நான் மாடி பால்கனியில நின்னு கையாட்டிட்டிருந்திருக்கறேன்.

நான் மறுநாளே போயி மறுபடி மேல உக்கார வெச்சுட்டேன். நானே கூட்டிட்டுப் போயி, நானே பெஞ்சுல உக்கார வெச்சு, கதவு சாத்தற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். அழுதான். அழத்தான் செய்வான், மண்ணுல வெளையாடிப் பழகிட்டானே. இவரு அன்னிக்குக் கடைக்குப் போனவரு சாப்பாட்டுக்குக்கூட வரலை.

அவ்வளவுதான், அந்த வாரக் கடைசியில இருமல் ஆரம்பிச்சுருச்சு. ராத்திரியில படுக்க முடியலை, ரெண்டு தலைகாணி வெச்சுத் தூக்கி உக்கார வெக்க வேண்டியிருக்குது. பாத்தீங்களா, பி செக்‌ஷன்ல அத்தனை மாசம் இழுத்த தூசி, உள்ளயே தங்கியிருந்து இப்ப வேலையைக் காட்டுது. இவர்கிட்டச் சொன்னா மொறைக்கறாரு.

என்னது? பி செக்‌ஷன்ல உக்காந்திருந்தப்ப இருமினானாவா?

இல்லைதான். அதான் சொன்னனல்லோ, அப்பப் பவுடர் குடுத்துட்டிருந்தேன். இப்பவும் குடுக்கறேன்தான். இப்ப வர்ற டப்பா சரியில்லை, கலரே வேற மாதிரி இருக்குது. எதுலதான் கலப்படம் இல்லை. நீங்களும் எங்க ஊட்டுக்காரர் மாதிரியே கேக்கறீங்க. பாப்பாவுக்கு இன்னும் ஸ்கூல் போற வயசு ஆகலை, உங்களுக்கு எங்க தெரியப் போகுது.

அந்த மிஸ்ஸை நேத்து மார்க்கெட்டுல பாத்தேன். "சர்வேஷ் எப்படியிருக்கான்? பக்கத்துப் பையன் தினமும் அவன் எடத்தைக் காலியாவே வெச்சிருக்கான்"னாங்க. நல்லாருக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்களுக்கு எதுக்குச் சொல்லோணும்.

நெசமாச் சொல்றேன், ராத்திரி அவன் இழுக்கறப்ப முதுகைத் தடவிட்டே உக்காந்திருக்கறேன், என்னென்னமோ நினைப்பு வருது. அந்த ஸ்குரூ வந்து கண்ணு முன்னால நிக்குது. பகல்ல அதெல்லாம் ஒண்ணுமில்லை. தூக்கமில்லாட்டி மனசு அப்படித்தான்.

கூப்பிடறாங்களா? சர்வேஷா? ஆமாங்க சிஸ்டர், இதோ வந்துட்டோம். எந்திரி கண்ணு. ஸ்வெட்டர் பட்டனைப் போடு. என்னங்க, இவரும் உள்ள வர்றாரு? வர மாட்டேன்னு வீம்பா நின்னவரு. வாங்க, வாங்க. வந்து ஓரமா நில்லுங்க, போதும்.

என்னடா? சத்தமாச் சொல்லு, காதுல விழலை. என்னது, டாக்டர்கிட்ட நீயே சொல்றியா? என்ன சொல்லப் போறே?

ஒண்ணும் வேண்டாம். கேக்கறதுக்கெல்லாம் அம்மா பதில் சொல்லிக்கறேன். டாக்டர் லைட்டு அடிச்சுப் பாக்கறப்ப மட்டும் வாயத் தொற.